ஆதி திராவிடரா, அருந்ததியரா? ஒரு கல்லூரி விண்ணப்பமும் நூறாண்டுப் பெயர்க் குழப்பமும்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே மேட்டூரில் எங்கள் வேலை தொடங்கிவிடும். குடியிருப்பின் படிப்பகத்தில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, நகல் எடுக்க ஒரு சிறிய இயந்திரம். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவார்கள். பெரும்பாலும் அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் படிக்க வேண்டும் என்பது அவரது ஆசை. விண்ணப்பத்தை வெளியில் ஒரு கணினி மையத்தில் ஏற்கெனவே போட்டுவிட்டார். "சரியா இருக்கான்னு மட்டும் பாருங்கக்கா" என்று தாள்களை நீட்டினார்.

பார்த்தோம். அவரது சாதிச் சான்றிதழில் "ஆதி திராவிடர்" என்று இருந்தது. கூடவே அடையாளத்துக்காகக் கொண்டு வந்திருந்த அண்ணனின் சான்றிதழில் "அருந்ததியர்" என்று இருந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு. ஆனால் அரசுத் தாளில் இரண்டு சாதி. விண்ணப்பத்தில் அவர் எஸ்.சி. என்று பதிவாகியிருந்தார். பதிவாகியிருக்க வேண்டியது எஸ்.சி.(அ), அதாவது அருந்ததியர் உள் ஒதுக்கீடு.

உடன் வந்த அப்பா கேட்டார்: "எதா இருந்தா என்னங்க, ரெண்டும் எஸ்.சி. தானுங்களே?"

அந்தப் பெண் கேட்ட கேள்வி வேறு. "இப்ப மாத்தினா, முன்னாடி நான் பொய் சொன்னேன்னு ஆயிடுமாக்கா?"

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளுக்கான பதில். இரண்டுக்கும் பதில் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாறு தெரியாததால்தான் நம் பிள்ளைகள் அலுவலகத்தின் பிழையைத் தங்கள் குற்றமாக நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள்.

பெயரை யார் எழுதினார்கள்?

நம்மை எந்தப் பெயரில் எழுதுவது என்பது எப்போதுமே அரசியல் கேள்வியாகத்தான் இருந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பண்டிதர் அயோத்திதாசர் மக்கள் கணக்கெடுப்பை முன்வைத்து இந்தக் கேள்வியை எழுப்பினார். இழிவுபடுத்த மற்றவர்கள் வைத்த பெயரில் நாங்கள் ஏன் பதிவாக வேண்டும் என்பதே அதன் சாரம்.

1922-இல் எம்.சி. ராஜா சென்னை சட்டசபையில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதன் விளைவாக அந்த ஆண்டு மார்ச் 25 அன்று அரசாணை எண் 817 வெளியானது. அரசு ஆவணங்களில் "பஞ்சமர்", "பறையர்" என்ற சொற்களுக்குப் பதிலாகத் தமிழ்ப் பகுதியில் "ஆதி திராவிடர்" என்றும், தெலுங்குப் பகுதியில் "ஆதி ஆந்திரர்" என்றும் எழுத வேண்டும் என்றது அது. சுயமரியாதைக்கான பெரிய வெற்றி. அதைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அந்தச் சொல்லுக்கு நாளடைவில் இரண்டு பொருள் வந்துவிட்டது. முதல் பொருள் பொதுவானது: பட்டியல் சாதியினர் எல்லோரும். நம் துறையின் பெயரே ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை. ஆதி திராவிடர் நலப் பள்ளி, ஆதி திராவிடர் நல விடுதி என்று சொல்லிச் சொல்லி, எஸ்.சி. என்றாலே ஆதி திராவிடர் என்று ஊர் முழுக்கப் பழகிவிட்டது.

இரண்டாவது பொருள் குறிப்பானது. 1936-இல் பிரிட்டிஷ் அரசு பட்டியல் சாதிகளுக்கான ஆணையை வெளியிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. இந்தப் பட்டியல்களில் சாதிகள் ஒவ்வொன்றாக, பெயர் பெயராக எழுதப்பட்டன. அதில் ஆதி ஆந்திரா ஒரு பெயர், ஆதி திராவிடர் ஒரு பெயர், ஆதி கர்நாடகா ஒரு பெயர். அருந்ததியர், சக்கிலியன், மாதாரி ஆகியவை தனித்தனிப் பெயர்கள். ஆக, வெளியே எல்லோருக்கும் பொதுவான சொல்லாக இருக்கும் "ஆதி திராவிடர்", பட்டியலுக்குள்ளே பலவற்றில் ஒன்று மட்டுமே.

இந்த இரண்டு பொருளும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேடு. சேலம், நாமக்கல் சமவெளியில் அருந்ததியர் குடியிருப்புகள் நிறைய. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்களும் உண்டு. பிள்ளையைச் சேர்க்கப் போன அப்பாவிடம் தலைமையாசிரியர் "எஸ்.சி. தானே?" என்று கேட்பார். அவர் "ஆமாங்க" என்பார். பதிவேட்டில் "இந்து – ஆதி திராவிடர்" என்று விழும். சில ஆசிரியர்கள் "சக்கிலியன்" என்ற சொல்லை எழுதக் கூசி, மரியாதை என்று நினைத்தே "ஆதி திராவிடர்" என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளிப் பதிவே ஆதாரமாக வைக்கப்படும். ஒருவர் நல்லெண்ணத்தில் எழுதிய சொல் வட்டாட்சியரின் கையெழுத்தோடு சட்ட ஆவணமாகிவிடும். மேட்டூர் மாணவியின் தாளில் நடந்தது இதுதான்.

விண்ணப்பமே போடாத ஒரு விண்ணப்ப வழக்கு

பெயர் ஒருபக்கம் இருக்கட்டும். கல்லூரி இடத்துக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள தொடர்பும் இதே சென்னை மாகாணத்தில் வளர்ந்ததுதான்.

நீதிக்கட்சி காலத்தில் தொடங்கி, அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் உறுதிப்பட்ட வகுப்புவாரி அரசாணையில் 12 இடங்களுக்கு ஓர் இடம் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு என்று இருந்தது. பின்னர் 1947-இல் திருத்தப்பட்ட முறையில் 14 இடங்களுக்குக் கணக்கு: பார்ப்பனரல்லாத இந்துக்கள் 6, பின்தங்கிய இந்துக்கள் 2, பார்ப்பனர் 2, அரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவர்களும் 1, முஸ்லிம்கள் 1. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களும் இப்படித்தான் நிரப்பப்பட்டன.

1950-இல் செண்பகம் துரைராஜன் என்ற பார்ப்பனப் பெண் இதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் போனார். மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் மறுக்கப்படுகிறது என்பது அவரது வாதம். பொறியியல் இடத்துக்காக சீனிவாசன் என்ற மாணவரும் வழக்குப் போட்டார். 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் அந்த அரசாணை செல்லாது என்றது. வேலைவாய்ப்புக்கு அரசியலமைப்பில் 16(4) இருந்தது. கல்விக்கு அதுபோல ஒரு பிரிவு அப்போது இல்லை. தமிழ்நாட்டில் பெரியாரின் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 18-இல் முதல் திருத்தத்தின் வழியாக 15(4) சேர்க்கப்பட்டது. சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் அம்பேத்கர் அத்திருத்தத்தை ஆதரித்து நாடாளுமன்றத்தில் பேசினார். இன்று நாம் கல்லூரி விண்ணப்பத்தில் எஸ்.சி. என்ற கட்டத்தை நிரப்புவதற்கு அரசியலமைப்பில் இருக்கும் ஆதாரம் அந்த 15(4).

இந்த வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காத ஒன்று அந்தத் தீர்ப்புக்குள்ளேயே இருக்கிறது. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்தபோது இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் நேராக வழக்குத் தொடர்ந்தார். உச்சநீதிமன்றம் இதைக் கவனித்தது. விண்ணப்பிக்காத ஒருவர் இப்படி நீதிமன்றம் வருவதைத் தாங்கள் ஏற்றுக்கொண்டதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கையும் செய்தது. ஆனால் அந்த வழக்கின் தனிச் சூழலைக் காட்டி, அதை ஒரு தடையாக எடுத்துக்கொள்ளாமல் உள்ளடக்கத்தை விசாரித்துத் தீர்ப்பளித்தது.

இதை ஏன் சொல்கிறோம்? நடைமுறைக் குறை இருந்தாலும், கேள்வி பெரியது என்று பட்டால் அதைத் தாண்டிப்போக நீதிமன்றத்துக்குத் தெரியும். விண்ணப்பமே போடாதவருக்காக அந்தத் தாராளம் காட்டப்பட்டிருக்கிறது. அப்படியானால் விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, சான்றிதழில் ஒரு சொல் மட்டும் தவறிப்போன நம் பிள்ளையிடம் "முடிஞ்சு போச்சு, அடுத்த வருசம் வா" என்று சொல்ல ஒரு கல்லூரி ஊழியருக்கு என்ன நியாயம் இருக்கிறது?

2009: ஒரு சொல்லுக்கு விலை வந்தபோது

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். இரண்டும் எஸ்.சி. தானே?

2009 வரை அவர் கேட்டது சரி. தமிழ்நாட்டில் 18 விழுக்காடு பட்டியல் சாதியினர் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. சான்றிதழில் எந்தப் பெயர் இருந்தாலும் ஒரே வரிசை. ஆனால் அந்த வரிசையின் கடைசியில் எப்போதும் யார் நின்றார்கள் என்ற கேள்வியை அருந்ததியர் இயக்கங்கள் நீண்ட காலம் கேட்டுப் போராடின. நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் ஆணையம் 2008-இல் அறிக்கை தந்தது. 2009-இல் சட்டம் வந்தது, அந்த ஆண்டு ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. 18 விழுக்காட்டு இடங்களில் நூற்றுக்கு 16, அதாவது ஏறத்தாழ 3 விழுக்காடு, முன்னுரிமை அடிப்படையில் அருந்ததியருக்கு.

சட்டம் வந்தபோது தமிழ்நாட்டுப் பட்டியலில் இருந்த சாதிகள் 76. அவற்றில் ஏழு இந்த முன்னுரிமைக்குள் வந்தன: ஆதி ஆந்திரா, அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி. கவனியுங்கள். ஆதி ஆந்திரா உள்ளே. ஆதி திராவிடர் வெளியே. ஆதி கர்நாடகாவும் வெளியே. அதுவரை வெறும் எழுத்துப் பிழையாக இருந்தது, 2009-க்குப் பிறகு ஓர் இடத்தின் விலையாகிவிட்டது.

சட்டத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அருந்ததியருக்கான இடங்கள் நிரம்பிய பிறகும் தகுதியுள்ள அருந்ததிய மாணவர் இருந்தால், மீதமுள்ள எஸ்.சி. இடங்களில் மற்றவர்களோடு தரவரிசைப்படி அவர் போட்டியிடலாம். எஸ்.சி.(அ) என்று சரியாகப் பதிவானால் இரண்டு கதவும் திறந்திருக்கும். வெறும் எஸ்.சி. என்று பதிவானால் ஒரு கதவு மட்டும். எங்கள் மேசைக்கு வந்த மாணவி, தனக்கு இருந்த ஒரு கதவைத் தானே அறியாமல் சாத்தி வைத்திருந்தார்.

உள் ஒதுக்கீடு குறித்துத் தலித் இயக்கங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1-இல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பஞ்சாப் அரசு – தவீந்தர் சிங் வழக்கில், பட்டியல் சாதிகளுக்குள் மாநிலங்கள் உள்வகைப்பாடு செய்யலாம் என்று 6-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த விவாதத்தை இன்னொரு நாள் பேசுவோம். உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும் சரி, சட்டம் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை ஓர் எழுத்தரின் பேனா பறிக்கக் கூடாது என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இருக்க முடியாது.

பெயர்க் குழப்பம் அருந்ததியருக்கு மட்டும் உரியதும் அல்ல. 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பள்ளன், குடும்பன் உள்ளிட்ட ஏழு பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயருக்குக் கீழ் கொண்டுவந்தது. அப்பாவிடம் பழைய பெயரில் சான்றிதழ், பிள்ளையிடம் புதிய பெயரில் சான்றிதழ் என்று வருகிறவர்களையும் நாங்கள் பார்க்கிறோம்.

ஊர் மூழ்கிய இடத்தில் பூர்வீகம் கேட்டால்

மேட்டூருக்கு என்று ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. சான்றிதழைத் திருத்தப் போனால் கிராம நிர்வாக அலுவலர் கேட்கும் முதல் கேள்வி, "பூர்வீகம் எந்த ஊர்?"

மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. காவிரிக் கரை ஊர்கள் பல தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்கக் கூட்டம் வரும். அணை வேலைக்கும், பிறகு வந்த ஆலைகளுக்கும், அனல்மின் நிலையத்துக்கும் பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து குடியேறினார்கள். கோயிலும் கோபுரமும் வெளியே தெரிகின்றன. நிலமும் பட்டாவும் இல்லாமல் இடம்பெயர்ந்தவர்களின் பூர்வீகம் எந்தக் கோடையிலும் வெளியே தெரிவதில்லை.

மாவட்டங்களும் மாறின. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 1997 ஜனவரி 1-இல் நாமக்கல் பிரிந்தது. ஆற்றின் மறுகரை முன்பு கோவை மாவட்டம், 1979-இல் பெரியார் மாவட்டம், இன்று ஈரோடு. தாத்தா பென்னாகரம் பக்கம் பிறந்திருந்தால் அவர் தாளில் சேலம். அப்பா ராசிபுரம் பக்கம் படித்திருந்தால் அவர் தாளிலும் சேலம். இன்று இரண்டும் வேறு வேறு மாவட்டங்கள். "இது எங்க ஆபீஸ்ல இல்ல, அங்க போங்க" என்று அலைய விடுவதற்கு இது போதும்.

ஒரு சின்ன நம்பிக்கையும் அங்கேயே இருக்கிறது. 1988-இல் தமிழ்நாடு அரசு நிரந்தர சாதிச் சான்றிதழை அட்டை வடிவில் கொண்டுவந்தது. அதற்குப் பின் பள்ளியில் படித்த பல அப்பா அம்மாக்களிடம் அந்த அட்டை இருக்கிறது. டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் பத்திரிகைகளோடு. தேடுங்கள். தகப்பனின் சான்றிதழ்தான் பிள்ளையின் சான்றிதழைத் திருத்த வலுவான ஆதாரம்.

தகுதி வேறு, தாள் வேறு

மாணவியின் கேள்விக்கு வருவோம். இப்போது மாற்றினால், முன்பு பொய் சொன்னதாக ஆகிவிடுமா?

ஆகாது. சாதிச் சான்றிதழ் உங்களுக்குச் சாதியைக் கொடுப்பதில்லை. இருக்கும் நிலையைச் சொல்கிறது, அவ்வளவுதான். சொன்னதில் பிழை என்றால் திருத்த வேண்டியது தாள். இது நாங்களாகச் சொல்வதில்லை. உச்சநீதிமன்றம் பல முறை சொன்ன கொள்கை.

1980-இல் கேரளத்து மருத்துவ மேற்படிப்புச் சேர்க்கை பற்றிய சார்லஸ் ஸ்கரியா வழக்கு. பட்டயம் பெற்றவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. சிலர் பட்டயத் தேர்வில் தேறியிருந்தார்கள். ஆனால் அதற்கான சான்றை விண்ணப்பத்தோடு இணைக்கவில்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தெளிவாகப் பிரித்தார்: தகுதி குறித்த நாளில் இருந்ததா என்பது முக்கியம்; அதன் சான்று தேர்வு முடிவதற்குள் சற்றுப் பிந்தி வந்தால் குடி முழுகிப்போகாது.

2004-இல் ஒடிசாவின் டாலி சந்தா வழக்கு. முன்னாள் இராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்ட மாணவியின் சான்றிதழை, அதை வழங்கிய அலுவலகமே பிழையாக எழுதியிருந்தது. திருத்திய சான்றிதழோடு வந்தபோது மறுத்துவிட்டார்கள். சான்று சமர்ப்பிப்பது நடைமுறை சார்ந்தது, அதில் இறுக்கமான விதியைப் பொருத்தக் கூடாது என்று சொல்லி உச்சநீதிமன்றம் அந்த மாணவியின் பக்கம் நின்றது.

2021-இல் ஒரு தலித் மாணவருக்கு ஐஐடி பம்பாயில் இடம் கிடைத்தது. 15,000 ரூபாய் ஏற்புக் கட்டணம் கட்டும்போது இணையத்தில் பணம் போகவில்லை. பலமுறை முயன்றார். கெடு முடிந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் கைவிரித்தது. நவம்பர் 22 அன்று உச்சநீதிமன்றம் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, மற்றவர் இடத்தைத் தொடாமல் இவருக்கு இடம் கொடுக்கச் சொன்னது.

2024-இல் உத்தரப் பிரதேசம் முசாஃபர்நகர் மாவட்டத்துத் தினக்கூலித் தொழிலாளியின் மகனுக்கு ஐஐடி தன்பாத்தில் இடம். 17,500 ரூபாயை ஊராரிடம் திரட்டி முடித்தபோது மாலை 4.45. ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிட்டது. அவர் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் போனார், ஜார்க்கண்ட் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போனார். அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது ஐஐடி மெட்ராஸ் என்பதால் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் வந்தார். கடைசியில் செப்டம்பர் 30-இல் உச்சநீதிமன்றம் கூடுதல் இடம் ஒன்றை உருவாக்கிச் சேர்க்கச் சொன்னது.

இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்கிறோம். முதலாவது, இவை விதியாகிவிடவில்லை. 142 நீதிமன்றத்தின் சிறப்பு அதிகாரம், எல்லோருக்கும் வாய்க்காது. டெல்லிவரை போன இரண்டு பேருக்குப் பின்னால், உள்ளூர் அலுவலக வாசலிலேயே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. இரண்டாவது, போலிச் சான்றிதழ் என்பதும் உண்மையான பிரச்சினை. நம் இடத்தைத் திருடுகிறவர்களைத் தடுக்கத்தான் 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம் கூர்நோக்குக் குழுக்களை அமைக்கச் சொன்னது. சரிபார்ப்புக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொன்னது. எனவே அலுவலர் ஆதாரம் கேட்டால் கோபப்படாதீர்கள்; கேட்பது அவர் வேலை. ஆதாரத்தைப் பார்க்கவே மறுத்தால் விடாதீர்கள். பார்ப்பதும் அவர் வேலைதான்.

அந்த மாணவிக்கு நடந்தது

தாள்களைப் பார்த்த அன்று மாலையே கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினோம். மாணவியின் கையெழுத்தில், ஒரே பக்கம். சான்றிதழில் பிழை இருக்கிறது, திருத்த விண்ணப்பிக்கிறேன், அண்ணனின் சான்றிதழ் நகல் இணைப்பு, கலந்தாய்வில் என் கோரிக்கையைப் பதிவில் வைக்க வேண்டுகிறேன். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்க மறுத்தார்கள். "சர்ட்டிபிகேட் கொண்டு வா, பேப்பர் வேண்டாம்" என்றார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதே நாளில் இ-சேவை மையத்தில் புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். அப்பாவின் பழைய அட்டை அவரது அக்கா வீட்டில் கிடைத்தது. அதில் "சக்கிலியன்" என்று இருந்தது.

அந்த அட்டையைக் கையில் வாங்கியபோது மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. வசவாக மட்டுமே கேட்டிருந்த சொல். அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு ஓர் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். நாங்களும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அவரேதான் அதை நகல் எடுத்துக்கொண்டு வந்தார்.

முதல் கட்டக் கலந்தாய்வு முடிந்த பிறகுதான் சான்றிதழ் வந்தது. எஸ்.சி. வரிசையில் அவருக்கு இடம் வரவில்லை. திருத்திய சான்றிதழையும் பதிவுத் தபால் ரசீதையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் சொல்லியிருந்தோம் என்பதற்கு அந்த ரசீது மட்டுமே சாட்சி. இரண்டாம் கட்டத்தில் எஸ்.சி.(அ) என்று பெயரைச் சேர்த்தார்கள். வேதியியல் அதற்குள் நிரம்பிவிட்டது. தாவரவியல் கிடைத்தது. படித்தார், முடித்தார்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது வேதியியல். ஒன்றாம் வகுப்பில் ஒருவர் எழுதிய சொல் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் பாடத்தை முடிவு செய்தது.

தோழர்களே, செய்ய வேண்டியவை

கல்லூரி விண்ணப்பத்துக்காகக் காத்திருக்காதீர்கள். தம்பி தங்கை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே குடும்பத்தின் எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு பாயில் பரப்பி வைத்துப் பாருங்கள். சாதிப் பெயர், அப்பா பெயரின் எழுத்து, முன்னெழுத்து எல்லாம் ஒத்துப்போகின்றனவா? மாற்றுச் சான்றிதழில் இருக்கும் சாதிப் பெயர் முடிவானதில்லை. அதிகாரம் பெற்ற வருவாய்த்துறை அலுவலர் தரும் சான்றிதழே செல்லும். பட்டியல் சாதியினருக்கு அது வட்டாட்சியர். கல்வி உதவித்தொகைக்கும் இதே தாள்தான் போகும்.

விண்ணப்பம் போட்ட பிறகு பிழை தெரிந்தால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாதீர்கள். திருத்தம் செய்ய இணையத்தில் வாய்ப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்கு மதிப்பில்லை. ஒப்புகை வாங்குங்கள், தர மறுத்தால் ரசீதோடு தபாலில் அனுப்புங்கள். இணையத்தில் பணம் போகவில்லை, பக்கம் திறக்கவில்லை என்றால், நேரம் தெரிகிற மாதிரித் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

"முடியாது" என்று சொன்னால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்கும் வழக்குக்கும் அந்தத் தாள்தான் தொடக்கம். எழுதித் தரச் சொன்னவுடன் பல "முடியாது"கள் "நாளைக்கு வாங்க" ஆவதையும் பார்த்திருக்கிறோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். 2021 முதல் தமிழ்நாட்டில் ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். வருமானம் கேட்க மாட்டார்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. தனியாகப் போகாதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளை தனியாக நின்றால் "போம்மா" என்பார்கள். கூட இருவர் நின்றால் உட்காரச் சொல்வார்கள். எங்கள் மேசை செய்வது அவ்வளவுதான். கூட நிற்பது.

எம்.சி. ராஜா ஒரு பெயரை அரசாணையில் ஏற்றினார். அருந்ததியர் இயக்கம் இன்னொரு பெயருக்குச் சட்டத்தில் இடம் வாங்கியது. அந்தப் பெயர் நம் பிள்ளையின் தாளில் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. இன்று இரவே வீட்டில் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஜெய்பீம்.